ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு மாற்று ஸ்பீடோமீட்டர்: ஐந்து வழிகளில் எது உங்கள் வண்டிக்கு?

ஹெரால்டின் முள் செத்துப்போனால் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "இதே மாதிரி மீட்டர் எங்கே கிடைக்கும்?" அந்த 'இதே மாதிரி'யைக் கண்ணை வைத்து முடிவு செய்வதில்தான் பணம் வீணாகிறது. அதே வட்டம், அதே எழுத்து, அதே குரோம் ரிங் என்று வாங்கி மாட்டுவார்கள். வண்டி 50-ல் போகும்போது முள் 59 காட்டும். வாங்கிய மீட்டரில் எந்தக் கோளாறும் இருக்காது. அது வேறொரு காருக்காக அளந்து செய்யப்பட்டது, அவ்வளவுதான்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961-ல் ஹெரால்டு தயாரிக்கத் தொடங்கியது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். அங்கே அந்தக் கார் 1200, 13/60 என்று பெரிய எஞ்சின்களுக்குப் போக, இங்கே கடைசிவரை 948 சிசி எஞ்சினே ஓடியது. இந்த வேறுபாடு மீட்டர் தேடும்போது நேராகக் குறுக்கே வரும். கம்பெனி ஸ்பேர் என்று இன்று எதுவும் கிடையாது. கையில் இருப்பவை ஐந்து வழிகள். கீழே சொல்லும் கணக்கு அம்பாசடருக்கும் பத்மினிக்கும் அப்படியே பொருந்தும். மாறுவது எண்கள் மட்டுமே.

## மாற்ற வேண்டியது மீட்டர்தானா?

கேபிள் வைத்த ஸ்பீடோமீட்டருக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல், நூலிழை இடைவெளியில் ஓர் அலுமினியக் கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்திருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் எழும் சுழல் மின்னோட்டம் அதையும் இழுக்கப் பார்க்கும். ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் கம்பி பின்னுக்குப் பிடிக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸ 1902-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஓடிய தூரத்தை எண்ணும் ஓடோமீட்டர் அப்படியில்லை. பல்சக்கரம் வழியாகக் கேபிளோடு நேராகக் கோர்க்கப்பட்டிருப்பதால், இத்தனை சுற்றுக்கு இத்தனை தூரம் என்பதில் அது தவறவே முடியாது.

இதைப் பிடித்துக்கொண்டால் கோளாறை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். போனில் ஜிபிஎஸ் போட்டுக்கொண்டு நேரான சாலையில் 10 கிலோமீட்டர் ஓட்டி, முள்ளையும் ஓடோமீட்டரையும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

- இரண்டும் ஒரே விகிதத்தில் தவறு: மீட்டர் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த வண்டிக்கு உரியதல்ல. அல்லது டயரோ பின் ஆக்சிலின் கிரவுன்-பினியன் கியரோ மாறியிருக்கிறது.
- ஓடோமீட்டர் சரி, முள் குறைவாகக் காட்டுகிறது: காந்தம் வலுவிழந்திருக்கிறது. முள் கூடுதலாகக் காட்டினால் ஹேர்ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இரண்டும் ரிப்பேர் செய்யக்கூடியவை. ஆனால் பழைய மீட்டர்கள் பலவும் புதிதாக இருந்தபோதே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். 60-க்கு 62 காட்டினால் கைவைக்க வேண்டாம்.
- முள் சரி, ஓடோமீட்டர் நிற்கிறது: உள்ளே பல்சக்கரமோ அதைத் தள்ளும் நெம்போ போயிருக்கிறது.
- முள் ஆடுகிறது, குறைந்த வேகத்தில் அதிகமாக ஆடுகிறது: பெரும்பாலும் கேபிள். காய்ந்திருக்கும், அல்லது எங்கோ ஒடுக்கி வளைத்திருப்பார்கள்.
- முள் திடீரென்று கடைசிவரை பாய்கிறது: காந்தத் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து காந்தம் கிண்ணத்தைத் தொடுகிறது. அப்படியே ஓட்டினால் ஹேர்ஸ்பிரிங் போய்விடும். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.
- இரண்டுமே அசையவில்லை: கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் பக்கத்துப் பினியன் தேய்ந்திருக்கும்.

ஆடும் முள்ளுக்காக மீட்டர் தேடி அலைந்து, கடைசியில் ஒரு கேபிளில் வேலை முடிந்த வண்டிகள் நிறைய உண்டு. கேபிளை மாற்றிப் பார்க்காமல் மீட்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

## எதை வைத்துப் பொருத்தம் பார்ப்பது

### சுற்று எண்

மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். பிரிட்டிஷ் நிறுவனமான ஸ்மித்ஸ் செய்த மீட்டரின் டயலில், கீழ்ப்பக்கம், கண்ணாடியில் மூக்கு ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குப் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும்: 1000, 1184, 1280 என்பது போல. ஒரு மைல் ஓட கேபிள் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதே அது. கிலோமீட்டர் டயலில் அது ஒரு கிலோமீட்டருக்கான சுற்று. பக்கத்தில் 'எஸ்என்' என்று தொடங்கி, நான்கு இலக்கம், சாய்கோடு, இரண்டு இலக்கம் என்று மாடல் எண்ணும் இருக்கும். ஜெர்மானிய விடிஓ நிறுவனத்தின் மீட்டர்களில் 'டபிள்யூ' என்று போட்டு ஒரு மீட்டர் தூரத்துக்கான சுற்று அச்சிடப்பட்டிருக்கும். அதை ஆயிரத்தால் பெருக்கினால் கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும். அமெரிக்கக் கார்களுக்கு மைலுக்கு 1000 சுற்று பொது வழக்கம். ஜப்பானியக் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 637.

உங்கள் டயலில் இருக்கும் எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஐம்பது அறுபது ஆண்டுகளில் எத்தனை கை மாறியதோ, எந்தக் கையில் மீட்டர் மாறியதோ, யாருக்குத் தெரியும். வண்டியையே அளந்துவிடுவது நல்லது:

1. டயர்களில் சரியான காற்று நிரப்புங்கள்.
2. மீட்டரின் பின்னால் கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் முனையில் ஒரு அட்டைத் துண்டைக் கொடி மாதிரி ஒட்டுங்கள்.
3. மட்டமான தெருவில் டேப் பிடித்து 50 மீட்டர் அளந்து இரு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள்.
4. கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கொடியை எண்ண, இருவர் தள்ளட்டும். கால் சுற்றுவரை எண்ணுங்கள்.
5. வந்ததை 20-ஆல் பெருக்கினால் கிலோமீட்டருக்கான சுற்று. அதை 1.609-ஆல் பெருக்கினால் மைலுக்கான சுற்று.

உதாரணமாக 50 மீட்டருக்கு 40 சுற்று வந்தால் கிலோமீட்டருக்கு 800, மைலுக்கு 1287. டயலில் 1280 போட்ட மைல் மீட்டர் அரை சதவீத வித்தியாசத்தில் பொருந்தும். 1184 போட்டதை மாட்டினால் உண்மையான 60-ல் முள் 65 காட்டும். 1000 போட்டதை மாட்டினால் 77. வண்டியின் எண்ணை மீட்டரின் எண்ணால் வகுத்தால் பிழை எவ்வளவு என்று வாங்கும் முன்பே தெரிந்துவிடும். 3 சதவீதத்துக்குள் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

தெருவில் தள்ளுவதற்குச் சோம்பி ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றி எண்ணுபவர்கள் உண்டு. மற்ற சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதி அசைவைத் தின்றுவிடும். உண்மையில் உள்ளதில் பாதிதான் கணக்கில் வரும். பத்து மீட்டர் தள்ளுவதும் போதாது. கால் சுற்றுப் பிழையே அங்கே 3 சதவீதமாகிவிடும்.

டயரையும் சொல்லியாக வேண்டும். 13 அங்குல ரிம்மில் 145/80 டயரின் சுற்றளவு சுமார் 1766 மில்லிமீட்டர், 155/80-க்கு 1816, 165/80-க்கு 1867. 145-லிருந்து 165-க்குப் போனாலே கிட்டத்தட்ட 6 சதவீதம் மாறுகிறது. டயர் மாற்றும் யோசனை இருந்தால் முதலில் டயர், பிறகு அளவு, அதற்குப் பிறகு மீட்டர்.

### உடம்பும் கேபிள் வாயும்

டாஷ்போர்டுத் துளையின் விட்டம், மீட்டரின் ஆழம், பின்னால் பிடிக்கும் கிளாம்பின் கால்கள், கேபிள் ஏறும் நட்டின் மரை, உள்கம்பியின் சதுர முனை. ஐந்தையும் வெர்னியரில் எடுத்து ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள். உள்கம்பி ஒரு அரை மில்லிமீட்டர் மெலிதாக இருந்தால் மாட்டும்போது தெரியாது. சதுரக் குழிக்குள் வழுக்கி வழுக்கி, சில மாதத்தில் குழியையே வட்டமாக்கிவிடும்.

### மைலா, கிலோமீட்டரா

மைல் மீட்டரின் டயலை மட்டும் கிலோமீட்டராக அச்சிட்டு மாற்றலாம். 60 மைல் கோடு இருந்த இடத்தில் 96.6 வர வேண்டும், அவ்வளவே கணக்கு. முள் சரியாகக் காட்டும். ஓடோமீட்டர் மட்டும் உள்ளே மைலையே எண்ணிக்கொண்டிருக்கும். சர்வீஸ் இடைவெளியை ஓடோமீட்டரைப் பார்த்து முடிவு செய்பவர் என்றால் 5000 என்று நினைத்து 8000 கிலோமீட்டர் ஓட்டியிருப்பீர்கள்.

### விளக்கு, மின்சாரம்

டயல் பல்பு, ஹைபீம், இக்னிஷன் எச்சரிக்கை விளக்குகளின் ஹோல்டர்கள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல் கேஜுக்கு நிலையாக 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் மீட்டரின் முதுகில்தான் திருகப்பட்டிருக்கும். மீட்டர் மாற்றும்போது அதன் எர்த் விட்டுப்போனால் முழு பேட்டரி வோல்ட் கேஜுக்குப் போய், டேங்க்கில் இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும். வழியில் நின்ற பிறகுதான் காரணம் தேடுவோம்.

### காகிதம்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 117-வது விதி ஸ்பீடோமீட்டரைக் கட்டாயமாக்குகிறது. 2021-ல் வந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகள் 'விஏ' எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு பெறலாம். மீட்டர் மாற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் விண்டேஜ் ராலிகளில் நடுவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது டாஷ்போர்டைத்தான்.

## வழி 1: இருக்கும் மீட்டரையே ரிப்பேர் செய்வது

சுற்று எண், விட்டம், கேபிள் வாய், டயல் எல்லாம் பிறவியிலேயே பொருந்தியிருக்கின்றன. அளந்த எண்ணும் டயலின் எண்ணும் ஒத்துப்போகிறதென்றால், மற்ற நான்கு வழிகளையும் பார்க்கும் முன் இதில் இறங்குங்கள்.

பெரும்பாலான மீட்டர்களுக்கு நேர்வது முதுமை மட்டுமே. கேபிளுக்கு அளவுக்கு மீறி வைத்த கிரீஸ், கம்பியின் முறுக்கில் ஏறி ஏறி மீட்டருக்குள் போய், காந்தத்தைச் சுற்றிப் பிசினாக உறைந்திருக்கும். திறந்து, சுத்தம் செய்து, காந்தத் தண்டின் புஷ்ஷுக்கு ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டால் பாதி மீட்டர்கள் எழுந்துவிடும். ஸ்மித்ஸ் மீட்டரின் குரோம் ரிங்கைப் பலவற்றில் சுற்றித்தான் எடுக்க வேண்டும். ரிங்கின் உட்பக்கத்து நாக்குகள் பெட்டியின் வெட்டுகளுக்கு நேரே வந்ததும் கழன்றுவிடும். வரவில்லையென்றால் விளிம்பில் துளித்துளியாகத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, முகம் கீழே இருக்கும்படி ஓர் இரவு வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ரிங் நெளியும். நெளிந்த ரிங்குக்கு மாற்று கிடைப்பது மீட்டர் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் அடுத்த இரண்டு இடங்களில்தான்.

முதலாவது டயல். எழுத்துகள் மேலே அச்சிடப்பட்டவை. ஈரத்துணியோ தின்னரோ பட்டால் 40-ம் 50-ம் துணியோடு வந்துவிடும். மென்மையான பிரஷ்ஷும் காற்றும் போதும்.

இரண்டாவது முள். பிடுங்கும் முன், தடுப்புக் கம்பியைத் தாண்டி முள்ளை மெல்ல உயர்த்திவிட்டு, அது தானாக எங்கே ஓய்கிறது என்று பாருங்கள். பூஜ்யத்தில் நிற்காது. அதற்கும் கீழே தள்ளி ஓர் இடத்தில் நிற்கும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, திரும்பப் போடும்போது அதே ஓய்விடத்தில் முள்ளை அழுத்தி, பிறகு கம்பிக்கு மேலே கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல் பூஜ்யத்தில் வைத்து அழுத்தினால் ஹேர்ஸ்பிரிங்கின் முன் இறுக்கம் போய்விடும். முள் எல்லா வேகத்திலும் ஒரே அளவு கூட்டிக் காட்டும். "ரிப்பேர் செய்த பிறகுதான் கெட்டது" என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

காந்தம் வலுவிழந்திருந்தால் காந்தமேற்றும் கருவி வேண்டும். அது வீட்டு வேலையல்ல. நல்ல மீட்டர் ரிப்பேர்காரரிடம்தான் போக வேண்டும். அவர் நல்லவரா என்று அறிய ஒரே கேள்வி போதும்: "டயல்ல போட்டிருக்கிற நம்பருக்கு எத்தனை ஆர்பிஎம்ல செக் பண்ணுவீங்க அண்ணே?" பதில் தெரியாதவரிடம் மீட்டரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மறைந்த செலவு: காத்திருப்பு. மீட்டர் திரும்பி வரும்வரை டாஷ்போர்டில் ஓட்டை. எச்சரிக்கை விளக்கு வயர்களுக்கெல்லாம் துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிக் கட்டிவையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ வண்டிகளின் மீட்டர்கள் சிலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் பூச்சு உண்டு. ஒளிர்வது நின்றிருக்கும், கதிர்வீச்சு நின்றிருக்காது. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு. எழுத்தும் முள்ளும் பழுப்பாகப் பொரிந்திருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். ஹெரால்டுக்கு இந்தக் கவலை இல்லை.

## வழி 2: புதுப்பேட்டை முதல் மல்லிக் பஜார் வரை

பழைய உதிரிபாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை. அம்பாசடர் என்றால் கொல்கத்தா மல்லிக் பஜார். பத்மினிக்கு மும்பைப் பக்கம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், அந்தக் கார் பிறந்தது அங்கேதான். ஹெரால்டு ஓடிய எண்ணிக்கை இவை இரண்டையும்விடக் குறைவு. கடைகளில் தேடுவதோடு, பழைய ஹெரால்டு உரிமையாளர்களின் வீட்டுப் பரண்களையும் விசாரிப்பது பலன் தரும். "அப்பா வண்டி மீட்டர் ஒண்ணு எங்கேயோ கிடக்கு" என்ற வார்த்தை எத்தனையோ டாஷ்போர்டுகளை நிறைத்திருக்கிறது.

கடையில் மீட்டரைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை இவை. பின்னாலிருக்கும் சதுரக் குழியில் ஒரு தீக்குச்சியைச் சீவிச் செருகி விரலால் சுண்டுங்கள். முள் துள்ளி எழுந்து, உடனே தடையில்லாமல் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். பாதியில் தயங்கினால் உள்ளே கிரீஸ் அல்லது வளைந்த தண்டு. குரோம் ரிங்கின் விளிம்பில் கீறல் இருந்தால் ஏற்கெனவே யாரோ திறந்திருக்கிறார்கள். ஓடோமீட்டர் எண்கள் ஒரே கோட்டில் இல்லாமல் ஏறி இறங்கி நின்றால் அதைக் கையால் திருப்பியிருக்கிறார்கள், பல் உடைந்திருக்கலாம்.

கடைக்காரர் "எல்லா ஹெரால்டுக்கும் ஒரே மீட்டர்தான் சார்" என்பார். பொய் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம், மீட்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். நீங்கள் பொடி எண்ணைப் பாருங்கள்.

மறைந்த செலவு: வாங்கியதைத் திறந்து சுத்தம் செய்யும் செலவு எப்படியும் வரும். முப்பது வருடம் மழையிலும் தூசியிலும் கிடந்ததை நேராக டாஷ்போர்டில் ஏற்ற முடியாது. அதனால் காயலான் கடை விலையோடு ரிப்பேர் கூலியையும் கூட்டித்தான் முதல் வழியோடு ஒப்பிட வேண்டும்.

எப்போது சிறந்தது: உங்கள் மீட்டரின் பெட்டியோ டயலோ துருப்பிடித்து அழிந்திருந்தால், அல்லது யாரோ அதைத் தொலைத்தேவிட்டிருந்தால்.

## வழி 3: பிரிட்டனிலிருந்து டிரையம்ப் மீட்டர்

டிரையம்ப் ஹெரால்டு 1959 முதல் 1971 வரை அங்கே தயாரானது. அதற்கான உதிரிபாகச் சந்தை இன்றும் உயிரோடு இருக்கிறது. சுத்தமாக, அளவு சரிபார்த்த மீட்டர்கள் கிடைக்கும். ஆனால் அங்கே அதிகம் கிடைப்பது 1200-க்கும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கும் உரியவை. பிரிட்டிஷ் 948 சலூனின் பின் ஆக்சில் விகிதம், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு சுழலும் எண்ணிக்கை, 4.875. 1200-ல் அது 4.11. மற்றவை எல்லாம் ஒன்றாகவே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், 4.875 ஆக்சில் வண்டியில் கேபிள் 18.6 சதவீதம் அதிகம் சுழலும். தொடக்கத்தில் சொன்ன '50-க்கு 59' இங்கிருந்து வருவதுதான். உங்கள் வண்டியின் ஆக்சிலும் வழியில் மாறியிருக்கலாம் என்பதால் இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட 50 மீட்டர் தள்ளுவதே மேல்.

விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: டயலின் அடிப்பகுதி நெருக்கமாக, முதுகுப்பக்கம் ஸ்கேலோடு, டிரில்லால் ஓட்டும்போது முள் நிற்பதன் வீடியோ. முன்பக்கப் படம் மட்டும் அனுப்புபவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மறைந்த செலவு: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கூரியர், சுங்கவரி, சுங்கத்தில் கூரியர்காரர் போடும் கையாளும் கட்டணம் என்று சேரும். சரியில்லை என்றால் திருப்பி அனுப்ப மறுபடியும் கூரியர். மைல் டயலை மாற்றும் வேலை தனி.

எப்போது சிறந்தது: எண் உறுதியாகத் தெரிந்து, இந்தியாவில் தேடிச் சலித்து, மைல் டயல் இருந்தாலும் பரவாயில்லை என்பவருக்கு.

## வழி 4: பழைய முகம், வேறு இயந்திரம்

நம் ஊரில் இது போதிய அளவு பேசப்படுவதில்லை. ஆனால் முகம் முக்கியம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஸ்மித்ஸ் நிறுவனம் ஒரே இயந்திரக் குடும்பத்தை எத்தனையோ கார்களுக்கு வெவ்வேறு டயல் போட்டுக் கொடுத்தது. ஆகவே முகம் வேறாக இருந்து, சுற்று எண் உங்கள் வண்டியோடு பொருந்தும் ஒரு மீட்டரை வாங்கி, அதன் இயந்திரத்தை உங்கள் பெட்டிக்குள் இறக்கி, மேலே உங்கள் டயலையும் முள்ளையும் வைக்கலாம்.

பொருந்த வேண்டியவை நான்கு. டயலைப் பிடிக்கும் இரண்டு திருகுகளின் இடைவெளி. முள் தண்டின் உயரமும் பருமனும். ஓடோமீட்டர் எண்கள் டயலின் ஜன்னலுக்கு நேரே வருவது. நான்காவதாக, பலர் மறப்பது: முள் சுழலும் கோண அளவு. உங்கள் டயலில் பூஜ்யத்திலிருந்து 100 வரை முள் எத்தனை டிகிரி நகர்கிறதோ, அதே கோணத்தில் அதே வேகத்தை, இயந்திரம் எடுக்கும் மீட்டரின் டயலும் காட்ட வேண்டும். இரண்டு டயலையும் ஒரே அளவில் படமெடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கொஞ்சம் வித்தியாசம் என்றால் ஹேர்ஸ்பிரிங்கின் சரிசெய்யும் நெம்பை நகர்த்தி 60-ல் சரியாக்கலாம், இரு ஓரங்களிலும் சற்றுத் தவறும்.

மறைந்த செலவு: இரண்டு மீட்டர் விலை. கூடவே திறமையான கை வேண்டும். முதன்முறை செய்பவர் தன் மூல மீட்டரில் கைவைக்காமல், ஏதாவதொரு உதவாக்கரை மீட்டரில் முள் எடுத்துப் போட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

எப்போது சிறந்தது: டயல் நன்றாக இருந்து இயந்திரம் மட்டும் தேய்ந்த வண்டிக்கு. ஆக்சில் மாறியதால் சுற்று எண்ணே மாறிப்போன வண்டிக்கும் இதுதான்.

## வழி 5: விகித கியர் பெட்டி, அல்லது எலக்ட்ரானிக்

மீட்டரில் எந்தக் குறையும் இல்லாமல் எண் மட்டும் பொருந்தவில்லையென்றால், கேபிளின் நடுவே ஒரு சிறிய விகித கியர் பெட்டி வைக்கலாம். மீட்டரின் எண்ணை வண்டியின் எண்ணால் வகுத்தால் தேவையான விகிதம் வரும். 1184 மீட்டர், 1287 வண்டி என்றால் 0.92. முள், ஓடோமீட்டர் இரண்டுமே ஒருசேரச் சரியாகிவிடும். மீட்டரைத் திறக்கவே வேண்டாம். கூடுதல் நீளத்துக்கு இடம் இருக்கிறதா, சுழலும் திசை மாறாமல் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எலக்ட்ரானிக் மாற்றத்தில் பழைய டயலுக்குப் பின்னால் சிறு மோட்டார் வைத்து, ஜிபிஎஸ் அல்லது சென்ஸார் சொல்லும் வேகத்துக்கு முள்ளை ஓட்டுகிறார்கள். அளவு துல்லியம். ஆனால் ஜிபிஎஸ் சிக்னல் பிடிக்கும்வரை முள் எழாது, சுரங்கப் பாதையில் விழுந்துவிடும். வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) என்றால், கவனிக்காமல் இணைத்த நொடியில் போர்டு எரிந்துவிடும். பழைய இயந்திரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டால் திரும்ப வழி கிடையாது. செய்தே ஆகவேண்டும் என்றால் ஒரு காயலான் கடை மீட்டரில் செய்து, மூல மீட்டரைத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | சுற்று எண் | தோற்றம் | பணம் | எதிர்பாராத இடி | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| சொந்த மீட்டர் ரிப்பேர் | பிறவிப் பொருத்தம் | அசல் | குறைவு | அவசரக் கையால் டயல், முள் நாசம் | பெரும்பாலோருக்கு |
| பழைய மீட்டர் | பார்த்து வாங்கணும் | அசல் | நடுத்தரம் | ரிப்பேர் கூலி தனி | மீட்டரே இல்லாதவருக்கு |
| பிரிட்டன் இறக்குமதி | தவற வாய்ப்பு அதிகம் | கிட்டத்தட்ட | அதிகம் | கூரியர், வரி, மைல் டயல் | எண் தெரிந்தவருக்கு |
| இயந்திர மாற்று | நாமே தேர்ந்தெடுக்கலாம் | அசல் | நடுத்தரம் முதல் அதிகம் | கோண அளவு ஒத்துப்போகாமை | ராலி வண்டிக்கு |
| விகிதப் பெட்டி | முழுச் சரி | மாற்றமில்லை | நடுத்தரம் | இடம், சுழலும் திசை | எண் மட்டும் தவறியவருக்கு |
| எலக்ட்ரானிக் | தேவையில்லை | வெளியே அசல் | அதிகம் | எர்த், சிக்னல் | தினமும் நெடுஞ்சாலை ஓட்டுபவருக்கு |

## டாஷ்போர்டில் ஏற்றும் முன்

எந்த வழியில் வந்த மீட்டராக இருந்தாலும் மேசைமேல் ஒரு சோதனை செய்யுங்கள். வேகம் கூட்டிக் குறைக்கும் டிரில்லில் பழைய உள்கம்பித் துண்டு ஒன்றைப் பிடித்து மீட்டரின் குழியில் செருகுங்கள். கணக்கு மிக எளிது: டயலில் போட்டிருக்கும் எண் எதுவோ, அதே ஆர்பிஎம்-ல் முள் 60-ல் நிற்க வேண்டும். 1280 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1280 சுற்றில் 60, 640-ல் 30. ஒரு லேசர் டாக்கோமீட்டரும் டிரில்லின் சக்கில் ஒட்ட ஒரு துண்டு மினுங்கும் டேப்பும் இருந்தால் போதும். முதல் தொடுதல் மிக மெதுவாக இருக்கட்டும். முள் பூஜ்யத்துக்குக் கீழே அழுந்தினால் சுற்றும் திசை தவறு, உடனே நிறுத்தி மாற்றுங்கள். 60-ல் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் ஓடோமீட்டர் சரியாக 5 ஏறியிருக்க வேண்டும்.

கேபிளை மாட்டும்போது, மீட்டர் பக்கத்தில் உள்கம்பி உறையிலிருந்து 10 மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். அதைவிட நீண்டால் காந்தத் தண்டை மேலே தள்ளி மீட்டரைத் தின்னும், குறைந்தால் பிடிக்காது. கம்பியில் மெல்லிய கிரீஸ் பூசுங்கள், ஆனால் மேல்முனையிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரம் துடைத்து உலர்வாக விடுங்கள். கேபிள் எந்த இடத்திலும் 15 சென்டிமீட்டர் ஆரத்தைவிட ஒடுக்கமாக வளையக் கூடாது. இரு முனைகளிலும் முதல் 5 சென்டிமீட்டர் நேராகவே போக வேண்டும். நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள், பிளையர் வேண்டாம்.

கடைசி நட்டை இறுக்கும் முன் பழைய மீட்டரின் ஓடோமீட்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து ரசீதோடு ஆர்சி கவரில் போட்டுவையுங்கள். நாளை வண்டியை வாங்குபவர், "62,000-ல இருந்தது எப்படி சார் 18,000 ஆச்சு?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட அது வேண்டும்.